அரக்குச் சாயம் போட்ட வாரம்

சிவமயம்

காஞ்சிபுரம்
20-9-1974

என் கண்ணான பேத்தி ஏலவார்குழலிக்கு ஆயா தில்லையம்மாள் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. பம்பாயில் மழை விட்டதா? உடம்பைப் பார்த்துக்கொள்.

முதலில் நல்ல சேதிகள். உன் தம்பி அர்ஜுனன் பேங்குப் பரீட்சை பாஸ் செய்து வேலூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பேண்ட் போட்டு நின்றால் தாசில்தார் தோற்றான். உன் தங்கை ரேணுகாம்பாள் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்குக்குத் தொண்ணூற்றிரண்டு. “உங்க வீட்டுப் பொண்ணுங்களுக்கு இந்த மூளை எங்கேர்ந்துமா வருது?” என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார்கள். அஞ்சாவது படித்த மூளைதான், என்னிடமிருந்து வந்தது என்றேன். உன் அத்தை மகன் துரைக்கண்ணு ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கினான். அதில் விபூதி போட்டு வைத்திருக்கிறோம். எல்லோருக்கும் மேலே நீ. இந்தத் தெருவில் கெமிஸ்ட்ரி படித்த முதல் பெண். எதிர்வீட்டு லோகாம்பாளிடம், என் பேத்தி பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் பம்பாயில் மாத்திரையை டப்பாவில் அடைப்பார்கள் என்று சொல்லியிருக்கிறேன். பொய் இல்லையே?

நீ எனக்குப் போடுகிற கடிதங்களை நான் உரக்கத்தான் படிப்பேன். உன் அம்மா இந்திராணிக்குப் படிக்கத் தெரியாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், பின்கட்டுப் பட்டறையில் உன் அப்பன் சாயக் கொப்பரையில் கோல் போட்டுப் பட்டு நூல் கழிகளைத் திருப்பிக்கொண்டிருப்பான். நான் படிக்கத் தொடங்கியதும் அந்தக் கோல் சத்தம் நின்றுவிடும். கடைசி வரியைப் படித்து முடித்த பிறகுதான் மறுபடி கேட்கும். மூன்றரை வருஷமாக உங்கள் இரண்டு பேருக்கும் இதுதான் பேச்சு. நீ இதை அறியமாட்டாய்.

இப்போது ஒன்றரை மாதமாகக் கோல் சத்தமே இல்லை அம்மா.

ஆடியில் அவனுக்கு நீர் சிவப்பாகப் போயிருக்கிறது. ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. அது அரக்குச் சாயம் போட்ட வாரம். கையில் இருந்தது ஒட்டியிருக்கும் என்று நினைத்தானாம். மாம்பழ மஞ்சள் போட்ட வாரத்திலும் சிவப்பாகவே போன பிறகுதான் பயந்து என்னிடம் சொன்னான்.

பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் சீட்டைப் பார்க்கும் முன்னே அவன் விரல் நகத்தைப் பார்த்தார். சாயப்பட்டறையா, எத்தனை வருஷம் என்று கேட்டார். சாயத் தண்ணீரை வாயில் வைக்கிறது உண்டா என்றும் கேட்டார். “புளிப்பு பாக்க வாணாமா சார்? நாக்குல ஒரு சொட்டு வச்சாத்தான் திராவகம் போதுமானு தெரியும்” என்றான் இவன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

காலேஜில் சேர்ந்து முதல் லீவுக்கு வந்தபோது நீ அவன் கையைப் பிடித்து நிறுத்தியது எனக்கு அங்கேயே ஞாபகம் வந்தது. “அந்தச் சாயப்பொடி ஒடம்புல ஏறிடும்பா, நாக்குல வைக்காதேபா” என்றாய். “உன் தாத்தாவும் வச்சாரு, நானும் வைக்கிறேன். உனக்கு பீஸ் கட்டினதே இந்த நாக்குதான்டீ” என்று சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கிணற்று விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். நீ காலேஜ் லேபில் வேலை பார்த்தபோது நம் தெருக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுபோய்ச் சோதித்து, சாயக்கழிவு இறங்கியிருக்கிறது என்று கலெக்டருக்கு மனு போட்டாய். அது தேர்தல் நேரம். பட்டறைக்காரர்களில் பெரியவர் முனிசிபல் மெம்பர் முனிரத்தினம் வந்து உன் அப்பனிடம், “பட்டறைக்கு சீல் வச்சா நாலு தெருத் தறி நின்னுடும், பஞ்சாட்சரம். உன் பொண்ணுக்கு பட்டணத்துல சோறு இருக்குது, இதுங்களுக்கு?” என்று கேட்டார். அவர் பேச்சில் பாதி நிஜம். அந்தப் பாதிதான் எங்கள் வாயை அடைத்தது.

ஆபீசர் ஜீப்பில் வந்த அன்று தெருவே கூடியிருந்தது. உன் அப்பன் எல்லார் முன்னாலும் அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பு குடித்துக் காட்டினான். கைதட்டினார்கள். ஆபீசர் எழுதிக்கொண்டு ஏறிப் போய்விட்டார். நீ பாட்டிலைப் பிடித்தபடி நின்றாய்.

ஒன்று உனக்குத் தெரியாது. அந்தச் செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தவள் நான். நிறம் தெரியக்கூடாது என்று முந்தானையில் வடிகட்டிக் கொடுத்தேன். துணியில் ஊதா படிந்தது. மடித்துச் செருகிக்கொண்டேன்.

நீ பஸ் ஏறிப் போன பிறகு, பட்டம் வாங்கியபோது கவுன் போட்டு நீ நிற்கிற போட்டோவை அவன் சுவரிலிருந்து கழற்றிக் கொப்பரை அடுப்பில் வைத்தான். நான் தடுக்கவில்லை.

ஒரு செம்பால் வந்த வியாதி இல்லையாம், முப்பது வருஷப் பொடியாம். டாக்டர் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. முனிரத்தினம் வீட்டுக்குக் குழாய் வந்துவிட்டது. தெருவே அங்கேதான் குடிதண்ணீர் பிடிக்கிறது. கிணற்றைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அவர் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். “எல்லாம் தலையெழுத்துபா” என்றார். உன் அப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, “எம்பொண்ணு எழுதிக் குட்த்தா, நாமதான் படிக்கல” என்றான். மூன்றரை வருஷத்தில் அவன் வாயில் எம்பொண்ணு என்ற வார்த்தை வந்தது அன்றுதான்.

மூத்திரப்பையில் கட்டியாம். அக்டோபர் மூன்றாம் தேதி ஆபரேஷன். டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. வா என்று எழுத எனக்கு வாய் ஏது? லீவும் தூரமும் உனக்குத் தெரியும்.

நேற்று விளக்கு வைத்த பிறகு, “வீட்ல எங்கியாவது அதோட போட்டோ இருக்குதாமா?” என்று கேட்டான். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினோம். பள்ளிக்கூட குரூப் போட்டோ ஒன்றுதான் கிடைத்தது. அதில் உன் முகம் பச்சைப்பயறு அளவு. வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். “நான் கேட்டேன்னு எழுதாதே. நீ கேக்கறதா எழுது” என்றான்.

ஆகையால் நான்தான் கேட்கிறேன். ஏகாம்பரநாதர் உன்னை நீண்ட ஆயுசோடு வைக்கட்டும். உன்னைப் பார்த்து வெகுநாளாயிற்று, உன் முகம் பார்க்க இந்த ஆயாவுக்கு ஆசையாக இருக்கிறது. முகம் பெரிதாகத் தெரியும்படி புதிதாக ஒரு போட்டோ எடுத்து, மூன்றாம் தேதிக்கு முன்னால் வந்து சேரும்படி தபாலில் போடு அம்மா. சுவரில் அந்த ஆணி அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
உன் ஆயா
தில்லையம்மாள்