ராக்கி மாடிப்படியில் விழவில்லை

என் பிரியத்துக்கும் கோபத்துக்கும் உரிய அண்ணனுக்கு,

நீ போன பிறகு ராக்கியின் பின்னங்கால்கள் மோசமாகிவிட்டன. நம் தாராவிச் சந்தில் அவன் இடுப்பை இழுத்துக்கொண்டு வருவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டு வயதுகூட ஆகாத நாய். "மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டான், சரியாயிரும் பிள்ள" என்று நீதானே சொன்னாய்? நம்பினேன்.

போன மாதம் அவனை ஆட்டோவில் ஏற்றிச் செம்பூருக்கு நான் மட்டும் கொண்டுபோனேன். நாய் டாக்டரம்மா அவன் பின்னங்காலை மடக்கி, புறங்கால் தரையில் படும்படி வைத்தார். நோயில்லாத நாய் என்றால் உடனே காலைத் திருப்பி வைத்துக்கொள்ளுமாம். ராக்கி அப்படியே நின்றான். கால் மடங்கியிருப்பதே அவனுக்குத் தெரியவில்லை.

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவனை ஒருத்தர் ஏற்கெனவே கூட்டிட்டு வந்தாரே! எக்ஸ்ரேல எலும்பு நல்லாத்தான் இருந்துச்சு. உள்ள தண்டுவடத்துல கட்டி இருக்கலாம், இளம் நாய்க்கு அபூர்வமா வரும், உடனே எம்ஆர்ஐ எடுங்கன்னு சொன்னேனே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது மேடம்" என்றேன். உன் தங்கச்சி என்று சொல்லக் கூசியது.

ஸ்கேனில் கட்டி தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்தும் முழுதாக எடுக்க முடியவில்லை. முதலில் நீ கூட்டிப்போன அன்றைக்கே ஸ்கேன் எடுத்திருந்தால் நடப்பதற்கு நல்ல வாய்ப்பு இருந்ததாம்.

ஏன் அண்ணே? நாங்கள் அழுவோம் என்றா? ஸ்கேன் எடுக்காவிட்டால் கட்டியும் இல்லை என்று நினைத்துக்கொண்டாயா? உன் நெஞ்சுவலியைக்கூட "கேஸ் பிடிச்சிருக்கு" என்றுதானே சொன்னாய்? அதையும் நம்பித்தானே உன்னைப் பறிகொடுத்தோம்.

நேற்று ராக்கியின் காலைப் பிடித்துவிட்டபடியே மைனி, உன்னைக் கட்டிக்கொண்டவள், கேட்டாள். "அவுகளுக்கு இது தெரியுமா செல்வி?"

பொய் வாய்வரை வந்தது. "தெரியும் மைனி" என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. அவனுடைய அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ரெண்டு பேரையும் தூக்கிட்டு ஓடியிருப்பேனே."

இதற்கு நீ என்ன பதில் சொல்வாய்?

கட்டி திரும்ப வளரலாம் என்கிறார் டாக்டர். வளர்ந்தால் அன்றைக்கே மைனியிடம் சொல்வேன். அவன் வலி தாங்காமல் ஊசி போட்டு அனுப்பிவைக்க வேண்டி வந்தாலும், இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்துதான் அனுப்புவோம். இந்த வீட்டில் இனி யாரும் தனியாக எதையும் தெரிந்துவைத்திருக்க மாட்டோம். இது உனக்குச் செய்து தருகிற சத்தியம்.

இன்னும் உன்னை மன்னிக்காத, உன் கூடப்பிறந்தவள்,
செல்வி