வலிக்காத பாதம்

அன்பு மகள் தாரணிக்கு அய்யம்பாளையத்திலிருந்து அம்மா எழுதுவது. பழனியாண்டவன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். ஆடலூரில் மாமா தோட்டத்தில் மிளகு பறிப்பு முடிந்துவிட்டது, அணையில் தண்ணீர் இருப்பதால் நம் தென்னைக்கும் கவலையில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம், ஆனால் அப்பாவின் கால் சங்கதியைச் சொல்ல வாயெடுத்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முறைக்கிறார், அதனால்தான் கடிதம்.

தைப்பூசத்துக்கு வழக்கம்போல வெறுங்காலோடு பழனிக்கு நடந்துபோய் வந்தாரல்லவா. விரதத்தில் மருந்து எதற்கு என்று மாலை போட்டதிலிருந்தே சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டிருக்கிறார், எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவர் முகமெல்லாம் பூரிப்பு. இந்தத் தடவ ஒரு கல்லுகூடக் குத்தல லீலா, முருகன் ஏந்திக்கிட்டுப் போன மாதிரி இருந்துச்சு என்றார். எனக்கும் புல்லரித்துவிட்டது. நடந்து வந்த காலைக் கழுவிவிடுவோமே, அப்படித் தண்ணீர் ஊற்றித் தேய்த்தபோது என் கையில் ஏதோ குத்தியது. பார்த்தால் பெருவிரலுக்குக் கீழே வேலமுள் ஒன்று முழுசாக ஏறி ஒடிந்து நிற்கிறது, சுற்றிலும் சீழ். அவரோ வழியில் குடித்த பானகத்தின் ருசியைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அப்படியே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன் தாயி.

வத்தலக்குண்டு டாக்டரம்மா அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய இழை ஒன்றால் பாதத்தைத் தொட்டுக்கொண்டே வந்தார், தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். அப்பா வெகுநேரம் காத்திருந்துவிட்டு, எப்பங்கம்மா ஆரம்பிப்பீங்க என்று கேட்டார். அதற்குள் டாக்டரம்மா இரண்டு பாதத்தையும் தொட்டு முடித்திருந்தார். வருசக்கணக்காகச் சர்க்கரை அடங்காமல் இருந்ததில் காலில் உணர்வு போய்விட்டது, விரல் தப்புமா என்று இப்போது உறுதி சொல்ல முடியாது என்றார். வீடு வந்ததும் அப்பா சாமி படத்துப் பக்கம் போகாமல் திண்ணையிலேயே படுத்துக்கொண்டார். அருள் என்று கும்பிட்டது நோய் என்றால் மனுசன் என்ன செய்வார்.

இப்போது இன்சுலின் போட்டுக்கொள்கிறார், சோறு குறைந்துவிட்டது, வீட்டுக்குள்ளும் செருப்புதான். தினமும் நான் கண்ணாடி பிடித்துப் பாதத்தைப் பார்க்கிறேன், புது மாப்பிள்ளை மாதிரி காலை நீட்டிக்கொண்டு கோபித்துக்கொள்கிறார். ஆனால் அந்தப் புண்ணைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை தாரணி. சர்க்கரை அடங்க ஆரம்பித்ததும், யாரும் சொல்லாமலே, குழியின் அடியிலிருந்து செக்கச்செவேலென்று சதை ஊறி ஊறி மேலே வந்தது. போன வாரம் தோல் மூடிவிட்டது, விரல் தப்பியது. இந்த உடம்புக்குள் இப்படியொரு வேலை நடக்கிறது என்று இந்த வயது வரை எனக்குத் தெரியாமல் போயிற்றே. போன உணர்வு திரும்புவது கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள், இனி அவர் காலுக்கு என் கண்தான்.

நீயும் மறக்காமல் சர்க்கரை டெஸ்ட் எடுத்துவிடு, அப்பாவின் ரத்தம் உனக்கும் ஓடுகிறது. மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம். கடையில் நாள் பூராவும் நின்று பாதம் வலிக்கிறது என்று முந்தாநாள் போனில் அழுதாய், கொஞ்சம் உட்கார்ந்து வேலை பார். பெற்றவள் இப்படி எழுதக் கூடாதுதான், ஆனால் உனக்கு வலிக்கிறது என்று கேட்டதும் போனை வைத்துவிட்டு முருகனைக் கும்பிட்டேன்.

உன் அம்மா,
லீலா நல்லுசாமி