ரோமர் சாலைக்கு மேலே ஓர் ஊர்

மச்சான்,

இங்கே பிரான்சில், லா சப்பல் மெத்ரோ ரயில் நிலைய வாசலில் ஒருவர் மிமோசாப் பூ விற்றுக்கொண்டு நின்றார். அந்த மஞ்சள் பூவின் மணம் பட்டதும் நின்றுவிட்டேன். இத்தாலி எல்லையில் நீ கூலிக்கு வெட்டிய பூ அது.

2009இல் முள்ளிவாய்க்காலில் மிஞ்சி, முகாமிலும் இருந்துவிட்டு, நாம் ஒன்றாகத்தான் புறப்பட்டோம். பிரான்சுக்கு முந்தின சின்ன ஊரில் இத்தாலிப் பொலிசார் பிடித்தார்கள். உன் கைரேகையை எடுத்தார்கள். என் முறை வந்தபோது இயந்திரம் பழுதாகிவிட்டது. இருவரையும் போகச் சொன்னார்கள். வெளியே மதிலோரம் இருந்து பாண் தின்றோம். அங்கே நின்ற பலகையை வாசித்துவிட்டு, "இது ரோமர் போட்ட ரோட்டாம் மச்சான்" என்றாய். எனக்குப் பசி மட்டும்தான் தெரிந்தது.

பிரான்சுக்கு வந்து ரூ காய் என்ற தெருவில் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம். எனக்கு அகதிக் கார்ட் கிடைத்தது. முதலில் கைரேகை எடுத்த நாட்டில்தான் அகதி வழக்குப் போடலாமாம்; உன்னுடையது இத்தாலியில் இருந்ததால் உன்னை அங்கேயே திருப்பி அனுப்பினார்கள். தெரிந்த இடம் அது ஒன்றுதான் என்று அந்த ஊருக்கே போய்ப் பூந்தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தாய்.

ஞாயிறு தேவாலயப் பூசை முடிந்ததும் அழைப்பாய். கோவில் சுவாமியாரிடம் கேட்டறிந்த ஊர்க்கதைதான் பேச்சு முழுக்க. ரோமர் அங்கே காவல் வைத்தார்கள். அவர்கள் போனபின் கடற்கொள்ளையருக்குப் பயந்த சனம் மலையில் ஏறி மதில் கட்டியது. பிறகு பிரபுக்கள், ஜெனோவாக்காரர், கடைசியில் எல்லைக் கோடு கீறிய இரண்டு அரசுகள்.

"உனக்கு ஏன் இந்த விசர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மன்னாரில எங்கட ஊர் இருந்த இடத்தில இப்ப ஆமிக் காம்ப். இவ்வளவு பேர் மிதிச்சும் இந்த ஊர் எப்பிடி மிஞ்சினதெண்டு பாக்கிறன்."

இத்தாலியும் உன் வழக்கை மறுத்தது. மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், பிரான்ஸ் பக்கம் போகும் மலைப்பாதையில் ஏறியிருக்கிறாய். கால் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்திருக்கிறாய். உன் போனில் கடைசியாக இருந்த எனது இலக்கத்துக்குப் பொலிஸ் அழைப்பு எடுத்தது.

நான் வந்தேன். சுவாமியார்தான் அடக்கம் செய்தார். அங்கே பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டதாம். வீடுகளை விடுமுறைக்கு வருபவர்கள் வாங்கிவிட்டார்களாம். உன் குழியைச் சுற்றி நாலைந்து கிழவர்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பிறகு யாரும் இல்லை என்றார் சுவாமியார். நீ தேடிய பதிலைச் சொல்ல அந்த ஊரே மிஞ்சப்போவதில்லை.

உன் அம்மா மன்னாரிலிருந்து எனக்கு அழைப்பார்.

"அவன் கிடக்கிற ஊர் என்ன மாதிரித் தம்பி?"

"பழைய ஊர் அம்மா. ரோமர் காலத்து ரோட்டு இருக்கு."

"அங்கை எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை அம்மா."

 அடுத்த முறையும் இதையே கேட்பார். நானும் ரோமரிலிருந்து தொடங்குவேன்.