சூடு தெரியாத கால்

செவ்வாய் இரவு, கிள்ளான்.

கண்ணாடி மாற்றினால் போதும் என்று நினைத்துத்தான் இவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். இனிப்பு நீரால், அதான் சர்க்கரை வியாதியால், கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதாம்.

"கண்ல சின்ன ரத்தக்குழாய் கெட்டிருந்தா கிட்னியிலயும் கெட்டிருக்கலாம், கால் நரம்பும் மரத்துப் போயிருக்கலாம். செருப்பைக் கழட்டுங்க அங்கிள். கண்ணை மூடிக்கிட்டு, நான் தொடும்போது சொல்லுங்க," என்றார் டாக்டரம்மா.

மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலை எத்தனையோ இடத்தில் அழுத்தினார். இவர் காத்துக்கொண்டே இருந்துவிட்டு, "எப்போ லா தொடப் போறீங்க, டாக்டர்?" என்றார்.

எனக்குத் தீமிதி நாள்தான் ஞாபகம் வந்தது. இந்த வருஷத் தீமிதியில் இவர் பாசாருக்குக் காய் வாங்கப் போவதுபோல் நிதானமாகப் பூக்குழியில் நடந்தார். சூடே தெரியவில்லை என்றார். அம்மன் அருள் என்று பூச்சோங்கில் இருக்கும் தங்கச்சி வரைக்கும் போன் போட்டுச் சொன்னவள் நான்தான். அதற்குப் பிறகு குதிகாலில் வந்த புண் ஆறாதபோதுகூட மஞ்சள்தான் பூசினேன்.

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கியதும் இவர், "அப்போ அன்னிக்கு ஆத்தா என்னைத் தாங்கலையா, ராஜி?" என்று கேட்டார். சாவியைத் தேடுவதுபோல் பையைத் துழாவிக்கொண்டு நின்றேன்.

இப்போது கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார், தூங்கவில்லை. இதை எழுதும்போது என் இடது கை இவர் உள்ளங்காலில்தான் இருக்கிறது. இவருக்குத் தெரியாது.