மழைக் கிரகத்தின் கடைசி அத்தியாயம்

மாப்ளே,

இன்று கடையில் மழைக்கோட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். அந்த ரப்பர் வாசனை பாளையம்பட்டியைத் தாண்டி மதுரை வரை வீசியிருக்கும். நீ ஒன்று கேட்டதற்கு நான் வரவழைத்த ஒரு டஜனில் மிச்சம். இந்த வெயிலில் மழைக்கோட்டுக் கேட்டு என் கடைப் படியேறிய முதல் மனிதன் நீ. உலகம் அழியும்வரை கடைசி மனிதனும் நீதான்.

"வகுப்புக்குப் போட்டுக்கிட்டுப் போகணும்லே" என்றாய்.

திருச்சுழியில் உன் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு வறண்ட கிரகத்தின் நாவலை எடுத்தாய். அங்கே தண்ணீரை டம்ளரில் அளந்து கொடுப்பார்கள். பிள்ளைகள் வாய்பிளப்பார்கள் என்று காத்திருந்தாய். "இதுல என்ன சார் அதிசயம்? எங்க நரிக்குடியத்தான எழுதியிருக்காக" என்றார்கள். அதன்பிறகுதான் மழை ஓயாத கிரகத்தின் கதைக்கு மாறினாய்; மழைக்கோட்டும் அதற்குத்தான்.

"அப்ப ஆட்ட எங்க சார் கட்டுவாக?" என்று ஒருத்தி கேட்டாளாம். அதற்காகவே மறு வகுப்பு முழுவதையும் ஒதுக்கினாய். "இதாம்லே கேள்வி. எந்த உலகத்துக்குப் போனாலும் நம்ம ஆட்டுக்கு எடம் இருக்கான்னு பாக்கணும்" என்று என் கல்லாவில் சாய்ந்துகொண்டு சிரித்தாய்.

"ஒருநா வந்து கேளேன்லே" என்று எத்தனையோ முறை கூப்பிட்டாய். உன் வகுப்பு நேரம் என் வியாபார நேரம். வாரேன், வாரேன் என்றே ஓட்டிவிட்டேன். கடைசி அத்தியாயம் மிச்சமிருக்க, நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

பாடத்தில் இல்லாததற்கு நேரமில்லை என்றாராம் உன் இடத்துக்குப் புதிதாக வந்தவர். சனிக்கிழமை பிள்ளைகள் புத்தகத்தோடு பஸ் ஏறி என் கடைக்கே வந்துவிட்டார்கள்.

"நாங்களா வாசிச்சா சப்புனு இருக்கு மாமா. நீங்க சாரோட சேக்காளி. வாசிச்சுக் காட்டுங்க."

ஏழு ஜில்லாவையும் பேசியே மயக்கியவனல்லவா நான். தொண்டையைக் கனைத்து ஆரம்பித்தேன். மூன்றாவது வரியிலேயே வானளவு அலை ஒன்றை எழுப்பி, அதன்மேல் நாலு யானையையும் ஏற்றிவிட்டேன்.

"மாமா, அதுல யானையே இல்ல" என்றாள் ஆட்டைப் பற்றிக் கேட்டவள். "சார் ஒரு வார்த்த கூட்டிச் சொல்ல மாட்டாக."

அடங்கி வாசித்தேன். ஒரு பக்கம் போனதும் இன்னொருவன், "சார் இந்த மாதிரி எடத்துல நிறுத்துவாக மாமா" என்றான்.

"நிறுத்தி?"

"எங்களப் பாத்து ஒண்ணு கேப்பாக."

நிறுத்தினேன். எல்லாத் தலையும் நிமிர்ந்தது. அவ்வளவு பேசுகிற எனக்கு, அந்த இடத்தில் நீ என்ன கேட்டிருப்பாய் என்று தெரியவில்லை, மாப்ளே.