கேட்காமல் கொடுத்த ஆசீர்வாதம்

அன்புள்ள சின்ன மொட்டைக்குப் பெரிய மொட்டை எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் இருக்கிற அளவுக்கு நலம், அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எங்களைவிட நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பேன் தொல்லை தாங்காமல் உன் தலையை மழித்தபோது உனக்கு ஏழு வயது, அன்று ஒட்டிய பட்டப்பெயரை இருபத்துமூன்று வயதிலும் தனியாகச் சுமந்துகொண்டிருந்தாய், இப்போது துணைக்கு நானும் வந்துவிட்டேன். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் புருவம் வரைந்தேன். மிச்சமிருந்த நாலு முடியும் போன வாரம் உதிர்ந்துவிட்டது, அதனால் பென்சில்தான். இடது பக்கம் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது போலிருக்கிறது. காபியோடு வந்த உன் அப்பா நிலைப்படியிலேயே நின்று, "நான் என்ன தப்பு பண்ணேன், ஏன் இப்படிச் சந்தேகமா பாக்கறே?" என்று கேட்டார். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நேற்று மட்டும் இரண்டு முறை உன்னைக் கூப்பிட்டேன், இரண்டு முறையும் குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசிச் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். நீயும் நானும் ஒருவரை ஒருவர் சிரிக்க வைத்தே தப்பித்துக்கொள்கிறோம் என்று சில நாளாகத் தோன்றுகிறது. காகிதத்தில் அப்படித் தப்ப முடியாது. மாதக் கடைசிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, இது அதற்குள் உன் கைக்கு வந்துவிடும், வந்ததும் முழுக்கப் படி.

முதலில் என் தப்பைச் சொல்கிறேன். கட்டியை எடுத்தபின், புற்றுநோயில் ஒரு துளியும் எங்கும் ஒளிந்திருக்கக் கூடாதென்று ஆறு தவணை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள் அல்லவா, அதன் முதல் இரண்டு தவணையிலும் நான் காதில் மாட்டிக்கொண்டு போனது நீ ஞாயிறுதோறும் பாடி அனுப்புகிற பாட்டுகளைத்தான். அந்தச் சிவப்பு மருந்து இறங்கி முடிய உன் பாட்டு ஐந்து ஆகும். இரண்டாவது தவணை முடிந்த அடுத்த ஞாயிறு, புதுப் பாட்டு வந்ததும் ஆசையாகப் போட்டேன். பாடுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமி ஒரு தடவை முனகுவாயே, அவ்வளவுதான் கேட்டேன், எழுந்து ஓடிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தேன். மறுநாளும் அதேதான். பெரிய நர்ஸிடம் சொன்னபோது, பிடித்த சாப்பாட்டை மருந்து ஏற்றும் நாளில் சாப்பிடாதீர்கள், பிறகு ஜன்மத்துக்கும் அது பிடிக்காமல் போய்விடும் என்று எல்லோரிடமும் சொல்வேன், பாட்டையும் சேர்த்துச் சொல்லத் தோன்றவில்லையே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

விஷயம் தெரிந்ததும் உன் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். கெட்டால் கெட்டுப் போகட்டும் என்கிற பாட்டுகளாகத் தேடிப் பிடிக்க வேண்டியதுதான் என்றார். பஸ் ஓட்டும் மனிதருக்கு அதற்கா பஞ்சம். குப்பை வண்டி பின்பக்கமாக வரும்போது பாடுகிற பாட்டு, சிமெண்ட் விளம்பரம், தேர்தல் பிரசார வண்டி, இவற்றோடு நம் மாடி வீட்டு அக்கா புதிதாகக் கற்றுக்கொள்ளும் வயலினையும் படிக்கட்டில் நின்று பதிவு செய்துவிட்டார். கையும் களவுமாகப் பிடிபட்டதும், உங்கள் வாசிப்புதான் என் மனைவியின் சிகிச்சைக்கு ரொம்ப உதவுகிறது என்று ஒரு போடு போட்டிருக்கிறார், அந்த அக்கா இப்போது தினமும் இரண்டு மணி நேரம் வாசிக்கிறார். எனக்குப் பக்கத்து நாற்காலியில் முடிவெட்டும் கடைக்காரர் ஒருவர் மருந்து ஏற்றிக்கொள்கிறார், என் கடையிலேயே எனக்கு வேலை இல்லாமல் போச்சே என்று தன் தலையைத் தடவிக்கொள்பவர். மூன்றாவது தவணையில் ஒரு காதில் மாட்டி வயலினைக் கேட்டுவிட்டு, "இதைக் கேட்டா கட்டி தானாவே பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிடும்மா" என்றார். நாலாவது தவணைக்கு அவரும் பிடிக்காத பாட்டோடு வந்தார், எதிர் நாற்காலி டீச்சரும் கொண்டுவந்தார், யாருடையது மோசம் என்று நர்ஸ் மார்க் போட்டார். வயலினுக்குத்தான் முதலிடம். அந்த மூன்று மணி நேரம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. பயம் இல்லை என்று சொல்லவில்லை, பகலில் வீட்டில் தனியாகப் படுத்திருக்கும்போது வரத்தான் செய்கிறது. ஊர்த் தண்ணீரையெல்லாம் பரிசோதித்துக் குடிக்கலாம், கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட கை இது, இப்போது என் ரத்தத்துக்கு வேறு யாரோ எழுதும் சீட்டுக்காகக் காத்திருக்கிறது.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். கடைசியாக நீ அனுப்பிய ஏழு பாட்டையும் நான் கேட்கவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் அருமை என்று பதில் மட்டும் போட்டேன். போன ஞாயிறு போனில் நீ, "பாட்டு முடிஞ்சதும் கடைசில ஒண்ணு கேட்டிருந்தேனே, என்னம்மா சொல்ற?" என்றாய். நீ அறை மாறப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாயே, அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்து, "உனக்குச் சரின்னு பட்டா தாராளமா செய்டா, என் ஆசீர்வாதம் எப்பவும் உண்டு" என்றேன்.  உடனே நீ, "அப்ப மாசக் கடைசில எழுதிக் குடுத்துடறேம்மா" என்றாய், உன் குரல் உடைந்தது. அறை மாற்றத்துக்கா இவன் அழுகிறான் என்று மனதுக்கு என்னவோ போலிருந்தது. உன் அப்பாவைப் பக்கத்து அறையில் உட்கார வைத்து அந்தப் பாட்டைக் கடைசிவரை கேட்கச் சொன்னேன். அவர் வெளியே வந்து டியூட்டிச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். பயிற்சியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உன் கூடவே இருக்கட்டுமா அம்மா என்று கேட்டிருக்கிறாய்.

அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், உன்னிடம் அதை மறைக்க மாட்டேன். நீ வாசலில் செருப்பைக் கழற்றுவதுவரை நினைத்துப் பார்த்துவிட்டேன். அப்புறம்தான் மற்றதெல்லாம் வந்தது. விமான எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிற பயிற்சியில் இன்னும் ஏழு மாதம்தான் பாக்கி, பாதியில் விட்டால் திரும்பச் சேர்க்க மாட்டார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். காதில் வாங்காமல் கொடுத்த ஆசீர்வாதம் செல்லாது, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எழுதிக் கொடுக்காதே கண்ணா. என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இல்லை, சமைக்கத் தெரியாத உன் அப்பா சமைக்கிறார், நானும் குறை சொல்லாமல் சாப்பிடுகிறேன், இருவருக்கும் இது புது அனுபவம். பொய்யாக அருமை என்று போட்டதற்கு என் மேல் கோபம் இருந்தால் நன்றாகத் திட்டி எழுது. பாடுவதை மட்டும் நிறுத்திவிடாதே. நீ பேசினால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை, பாடினால்தான் இந்தப் பாடு.

நீண்ட ஆயுளோடும் குறையாத சிரிப்போடும் நீ இருக்க வேண்டும், எஞ்சினைத் தொடும் உன் கைக்கு ஒரு கீறலும் வரக் கூடாது. வேலைக் கையுறையை மறக்காதே, பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதே. இன்னும் இரண்டு தவணை இருக்கிறது, அது முடிந்து மூன்றாவது வாரம் ஸ்கேன். அது என்ன சொன்னாலும் சரி, எழுந்து நடக்க முடிகிற முதல் வாரத்தில் நான் உன்னிடம் புறப்பட்டு வருகிறேன். டாக்டரிடம் கேட்கவில்லை, உன் அப்பாவுக்கும் தெரியாது. போனில் வருகிற பாட்டு வேண்டாம், எதிரே உட்கார்ந்து நீ பாட வேண்டும். குமட்டினாலும் குமட்டலாம், ஒரு வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொள், நடுவில் நிறுத்தாமல் பாடி முடி.

அன்புடன்,
அம்மா