வாசிப்பு நோட்டில் ஒரு கோடு

அப்பா,

வாசிப்பு நோட்டு மேசையில் திறந்து கிடக்கிறது. தேதி, பாடம், பக்கம், பெற்றோர் கையொப்பம். நாலு கட்டம். உங்கள் பேத்தி இப்போது இரண்டாம் வகுப்பு. அவள் பள்ளியிலும் இந்த நோட்டு உண்டு. அட்டை மட்டும் பளபளப்பாகிவிட்டது.

சற்று முன் அவள் எனக்கு ஒரு பாடம் வாசித்தாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கையில் போன். முடித்ததும் "சூப்பர்" என்றேன். கையெழுத்துப் போட்டேன். அவள் நோட்டை எடுக்கவில்லை.

"அம்மா, நான் என்ன வாசிச்சேன் சொல்லு."

"முயல் கத."

"முயல் கத பாதிதான் வாசிச்சேன். பெறவு எங்க வேன்ல வார பிள்ளைங்க பேரெல்லாம் சொன்னேன். டிரைவர் மாமா பேரும் சொன்னேன். நீ சூப்பர்னுட்ட."

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சேரன்மகாதேவி ஞாபகம் வந்தது. பிறகு பத்தமடை. மேலச்செவல்.

இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். வேறு யாரிடம் சொன்னாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பரவாயில்லை. முதலிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் மில்லில் ஸ்பின்னிங்கில் நின்றீர்கள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே. ஒருமுறை ஆயுத பூஜைக்கு என்னை உள்ளே கூட்டிப் போனீர்கள். மெஷின்கள் அன்று ஓடவில்லை. ஆனாலும் உங்கள் நண்பர்கள் ஒருவரோடு ஒருவர் சத்தமில்லாமல் பேசிக்கொண்டார்கள். உதடு மட்டும் பெரிதாக அசைந்தது. மீசையை ஒரு விரல் தொட்டால் மேஸ்திரி வருகிறார் என்று அர்த்தம். இரைச்சலுக்குள் வருஷக்கணக்காக நின்றவர்களின் பேச்சு அது. அமைதியிலும் அதையே பேசினார்கள். எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது.

முதல் ஷிப்ட் முடிந்து வரும்போது உங்கள் தலையில் பஞ்சு ஒட்டியிருக்கும். குளித்து, காப்பி குடித்து, என் பக்கத்தில் வந்து உட்காருவீர்கள். "வாசிட்டி" என்பீர்கள். நான் வாசிப்பேன். தலை குனிந்து புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கடைசியில் ஒரு தலையசைப்பு. "நல்லா வாசிக்கே." நோட்டில் கையெழுத்து.

எனக்கு வாசிக்கத் தெரியாது.

இரண்டு வருஷம் அது யாருக்கும் தெரியவில்லை. வகுப்பில் எல்லோரும் சேர்ந்து கத்துவோம். என் காது கூர்மை. இரண்டு நாளில் பாடம் முழுக்க மனப்பாடம் ஆகிவிடும். எந்தப் பாடம் என்பதைப் படம் சொல்லிவிடும். எழுத்துகள் படத்துக்குக் கீழே எறும்பு போல ஊர்ந்துகொண்டிருந்தன. அவற்றோடு எனக்கு எந்தச் சோலியும் இல்லை.

மூன்றாம் வகுப்பில் பாடங்கள் நீண்டன. ஒரு சாயங்காலம் நடுவில் மறந்துவிட்டது. நிறுத்தினால் மாட்டிக்கொள்வேன். வாயில் வந்ததைச் சொன்னேன். காலையில் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கத்திய ஊர்கள் வந்தன. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை, மேலச்செவல். மேலப்பாளையம் தாண்டி, பஸ் கடைசியாக நிற்கும் ஜங்ஷனில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

நீங்கள் தலையசைத்தீர்கள். "நல்லா வாசிக்கே."

அம்மா அடிக்கடி சொல்வாள், "இந்த மனுசன் காதுல மில்லு சங்கே விழ மாட்டேங்கு" என்று. எரிச்சலில் சொல்வது என்று நினைத்திருந்தேன். அது உண்மை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் மறைத்து வைத்திருந்ததை நான் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்ததை நானும் மறைத்தேன். அதன் பிறகு இரண்டு மாதம், அப்பா, தினமும் உங்களை ஜங்ஷன் வரை கூட்டிப் போனேன். கேட்பது போல நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். வாசிப்பது போல நான் உட்கார்ந்திருந்தேன். நடுவில் புத்தகம்.

பிறகு டீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டார். எப்போதும் அம்மாதான் வருவாள். அன்று அவளுக்குக் காய்ச்சல். நீங்கள் ஷிப்ட் முடிந்து நேராக வந்தீர்கள், தலையில் பஞ்சோடு.

டீச்சர் ரெஜிஸ்டரைப் பார்த்தபடியே பேசினார். குனிந்த முகம். "உங்க பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிக்கூட வாசிக்க வரல. அடுத்த வாரத்துல இருந்து ரெண்டாங் கிளாசுல உக்கார வைக்கலாம்னு இருக்கேன். தினம் வாசிச்சதா கையெழுத்து போட்டிருக்கீங்க, அது எப்படிங்க?"

நீங்கள் சிரித்தீர்கள். "ரொம்ப சந்தோசம் டீச்சர்."

அவர் நிமிர்ந்தார். "சந்தோசமா?"

அந்த ஒரு சொல்லை உதட்டில் பிடித்துவிட்டீர்கள். "ஆமா டீச்சர். ரொம்ப."

அவர் ரெஜிஸ்டரை மூடினார். "சரி, போங்க."

நான் பக்கத்தில் நின்றேன். உங்களுக்குக் கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது. உங்களுக்கு எதுவும் தெரியாது. இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்தால்கூட உங்களுக்குத் தெரியப்போவதில்லை. சைக்கிளின் முன்பாரில் ஏறிக்கொண்டபோது அதைத்தான் நினைத்தேன்.

கால்வாய்ப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தினீர்கள்.

"டீச்சர் என்ன சொன்னாவ?"

தண்ணீரைப் பார்த்தபடி சொன்னேன். "நல்லா படிக்கேன்னு சொன்னாவ."

இறங்கினீர்கள். ஸ்டாண்ட் போட்டீர்கள். எனக்கு எதிரே வந்து நின்றீர்கள். "மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

முகத்தைப் பார்த்து அதே பொய்யைச் சொல்ல முடியவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்கள் கண் என் உதட்டில் இருந்தது. அத்தனை கவனமாக அதற்கு முன் யாரும் என்னைப் பார்த்ததில்லை.

"வாசிக்கத் தெரியல."

"யாருக்கு?"

"எனக்கு."

"தினம் வாசிச்சியேட்டி."

"பஸ் ஸ்டாப் பேரு சொன்னேன்."

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். நீங்கள் கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்தீர்கள். பிறகு, "எது வரைக்கும்?"

"ஜங்ஷன் வரைக்கும்."

உங்கள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்றுதான் இன்னும் நம்புகிறேன். அப்புறம் சொன்னீர்கள். சத்தமாக, உங்களுக்கே அளவு தெரியாத அந்தக் குரலில்.

"எனக்குக் காது கேக்காதுட்டி."

யாரிடமும் நீங்கள் அதைச் சொன்னதில்லை. முதலில் சொன்னது என்னிடம். எனக்கு எட்டு வயது.

அன்று வீட்டில் நடந்தது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நாளைக்கே பள்ளிக்குப் போய் டீச்சரிடம் சொல்லப் போவதாகச் சொன்னீர்கள். அம்மா காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்தாள். உங்கள் முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"அந்த டீச்சர் வீட்டுக்காரரு மில்லு ஆபீசுல இருக்காரு. தெரிஞ்சா மெஷின்ல நிக்க விடுவாவளா? பேசாம இருங்க. பிள்ள தன்னால படிச்சுக்கும்."

"தன்னால எப்படிப் படிக்கும்? பொய்க் கையெழுத்து போட்டது நானுல்லா."

பேனாவை எடுத்தீர்கள். மில்லில் ஷிப்ட் புத்தகத்தில் தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. மேலே இன்னொன்று எழுதவும் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். தப்பு இருந்ததும் தெரிய வேண்டும், தப்பை ஒத்துக்கொண்டது யார் என்பதும் தெரிய வேண்டும். இரண்டு மாதக் கையெழுத்துகளையும் அப்படியே அடித்தீர்கள். ஒவ்வொன்றாக. ஸ்கேல் வைத்து.

மறுநாள் மில்லில் உங்களுக்கு வார விடுமுறை. வெள்ளைச் சட்டை. டீச்சரிடம் நோட்டை விரித்துக் காட்டிச் சொன்னீர்கள். "டீச்சர், நேத்து நீங்க சொன்னது எனக்குக் கேக்கல. காது போயிட்டு. வீட்டுல என்ன செய்யணும்னு ஒரு தாள்ல எழுதித் தாங்க. வாசிச்சுக்கிடுதேன்."

அவர் அந்தக் கோடுகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, உங்கள் முகத்துக்கு நேரே பேசினார். "அரைப் பரீட்சை வரைக்கும் மூணாங் கிளாசுலயே இருக்கட்டும். பாப்போம்."

அவர் எழுதித் தந்த சீட்டில் நாலைந்து வரி. தினமும் கொஞ்ச நேரம் போதும். நீங்களும் வாசித்துக் காட்டுங்கள். தெரியவில்லை என்று சொன்னால் திட்டாதீர்கள். வாசித்ததைப் பற்றிப் பேசுங்கள். இவ்வளவுதான். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள்.

பக்கத்தில் உட்காருவது நின்றது. எதிரே உட்கார்ந்தீர்கள். என் உதட்டைப் பார்த்தால் புத்தகத்தைப் பார்க்க முடியாது. அதனால் தெருவில் யாரிடமோ பழைய மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் வாங்கி, தூக்குச்சட்டிப் பையில் மில்லுக்குக் கொண்டுபோனீர்கள். டீ நேரத்தில் பாடத்தை முன்னதாகவே படித்து வைப்பதற்கு. கூட்டாளிகள் விட்டுவைக்கவில்லை.

"என்ன வே, மூணாங் கிளாசு பரீட்ச எழுதப் போறீரோ?"

"ஆமா வே. போன தடவ பெயிலு."

இதை வீட்டில் வந்து நடித்துக் காட்டினீர்கள். அம்மா சிரித்ததில் சோறு பொங்கி வழிந்தது.

பிறகு அந்த விளையாட்டு. பக்கத்தை என் மடியில் விரித்து வைப்பீர்கள். மில் பேச்சில், சத்தமே இல்லாமல், ஒரு வரியை உதட்டால் சொல்வீர்கள். அது எந்த வரி என்று நான் விரல் வைத்துக் காட்ட வேண்டும். என் கூர்மையான காதுக்கு அங்கே வேலையே இல்லை. மனப்பாடம் உதவாது. எழுத்தைப் பார்த்தால்தான் ஆயிற்று. முதல் வாரம் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. நான் அழுவேன். நீங்கள் காத்திருப்பீர்கள்.

"பைய. வார்த்த எங்கயும் ஓடிராது."

ஒருநாள் ஓர் எறும்பு நின்றது. 'ஆறு'. அது அங்கேயே நின்றது. மறுநாளும் அங்கேயே நின்றது.

அம்மாவுக்கு நாலு எழுத்துதான் தெரியும். அவளும் சும்மா இருக்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே, "அந்த நரி பெறவு என்ன செஞ்சுது?" என்பாள். அவளுக்காக நான் அடுத்த பக்கத்தைத் தட்டுத்தடுமாறிப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. உண்மையாகவே அவளுக்கு நரியைப் பற்றித் தெரிய வேண்டியிருந்தது.

அரைப் பரீட்சையில் டீச்சர் முன்னால் நாலு வரி வாசித்தேன். ஐந்தாவதில் நின்றுவிட்டேன். "தெரியல டீச்சர்" என்றேன். அவர் என்னை இரண்டாம் வகுப்புக்கு அனுப்பவில்லை.

அந்தத் தை மாதம் உங்களை ஸ்பின்னிங்கிலிருந்து எடுத்து பஞ்சுக் கிட்டங்கியில் போட்டார்கள். மூட்டை தூக்கும் வேலை. சாயங்காலம் முதுகு நிமிராது. அதற்கும் நீங்கள் டீச்சரிடம் சொன்னதற்கும் தொடர்பு உண்டா? தெரியாது. அம்மா ஒருமுறை தொடங்கினாள். "அங்கன சத்தம் இல்ல. நல்லாத்தான் இருக்கு" என்று முடித்துவிட்டீர்கள். அன்றும் எதிரே வந்து உட்கார்ந்தீர்கள். "வாசிட்டி."

பல்கலைக்கழகத்தில் நான் நிறைய வாசித்தேன். எவ்வளவு வேகமாக வாசித்தாலும் என் உதடு அசையும். விடுதித் தோழிகள் கேலி செய்வார்கள், மந்திரம் சொல்கிறாள் என்று. நான் விளக்கியதில்லை.

கடைசியாக ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். டாக்டர் சொன்ன எல்லாவற்றுக்கும் நீங்கள் தலையசைத்துச் சிரித்தீர்கள். சந்தோசம் டாக்டர். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். அவர் போனதும் என் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, கட்டிலுக்கு எதிரே வந்து நின்றேன். அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். நல்லதல்லாததையும் சொன்னேன். சத்தமில்லாமல், உதட்டால் மட்டும். பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்கக் கூடாது. நீங்கள் முழுக்கப் பார்த்தீர்கள். பிறகு என் கையைத் தட்டினீர்கள்.

"நல்லா வாசிக்கே."

நன்றி என்ற சொல்லை நம் வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. அன்றும் நான் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன், அப்பா. நன்றி. பாலத்தில் இறங்கி எதிரே வந்து நின்றதற்கு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கள் பேத்தி வந்து நிற்கிறாள். நோட்டு வேண்டுமாம். கோபமா என்று கேட்கிறாள். போனை பிரிட்ஜின் மேல் வைத்துவிட்டு வந்தேன். அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். என் காதில் எந்தக் குறையும் இல்லை. அதையும் அவளிடம் சொன்னேன். "எனக்கு நல்லாக் காது கேக்கும். ஆனா நான் கேக்கல. முதல்ல இருந்து வாசி."

வாசிக்கிறாள். முயல் புதருக்குப் போகிறது. அடுத்த சொல்லில் நின்று என் முகத்தைப் பார்க்கிறாள்.

"தெரியல."

"பைய. வார்த்த எங்கயும் ஓடிராது."

சற்று முன் போட்ட கையெழுத்தின் மேல் ஒற்றைக் கோடு போட்டேன். ஸ்கேல் வைத்து. பக்கத்தில் சுருக்கொப்பம். இரண்டே எழுத்து. முதல் எழுத்து உங்களுடையது.